கால் சுற்றளவில் காணாமல் போகும் மரம்

கல்வராயன் மலையின் வெள்ளிமலைச் சரிவில் நிற்கும் ஒரு வேங்கையில் எத்தனை கன அடி மரம் தேறும்? வெட்டாமலே சொல்ல வேண்டும். காட்டின் இருப்பைக் கணக்கிடும் வனத்துறைக்கும் இதே கேள்விதான், பட்டா நிலத்து மரத்தை விற்க நினைக்கும் மலையாளிப் பழங்குடி விவசாயிக்கும் இதே கேள்விதான்.

முதலில் சுற்றளவு. தரையிலிருந்து 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி உயரத்தில் நாடா சுற்ற வேண்டும். அடிமரம் வேரோடு சேருமிடத்தில் புடைத்திருக்கும் என்பதால் அதற்கு மேலே அளக்கிறார்கள். கல்வராயன் மலை போன்ற சரிவுகளில் இந்த உயரத்தை மேட்டுப் பக்கத்துத் தரையிலிருந்தே கணக்கிடுவது முறை.

உயரத்துக்கு ஒரு குச்சி போதும். கண்ணுக்கும் நீட்டிய கைக்கும் உள்ள தூரத்தின் அளவுக்குக் குச்சி கைக்கு மேலே செங்குத்தாக நிற்க வேண்டும். பிடித்த இடம் மரத்தடியோடும் குச்சி நுனி மர நுனியோடும் பொருந்தும்வரை, சரிவில் ஏறாமல் இறங்காமல் பக்கவாட்டில் நகருங்கள். அங்கிருந்து மரம் வரை உள்ள தூரமே அதன் உயரம். பலகைக்குப் பயன்படும் நீளம் வேண்டுமென்றால் நுனிக்குப் பதில் முதல் கிளை பிரியும் இடத்தைப் பாருங்கள்.

வெட்டிக் கிடக்கும் மரத்துக்குத்தான் விவகாரமான கணக்கு. நடுச் சுற்றளவில் நான்கில் ஒரு பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவார்கள். நடுவில் 4 அடி சுற்றளவும் 12 அடி நீளமும் உள்ள கட்டைக்கு 12 கன அடி வரும். வட்டத்தின் பரப்பைக் கொண்டு கணக்கிட்டால் 15.28 கன அடி. நூற்றுக்கு இருபத்தொன்றுக்கும் மேல் ஏட்டில் ஏறுவதே இல்லை. எட்வர்ட் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் 1736-ல் வெளியிட்ட அட்டவணைகளால் பரவிய முறை இது. உருண்டை மரத்தைச் சதுரமாக அறுக்கும்போது போகும் சேதாரத்துக்கு முன்கூட்டியே கழித்துவிடுகிறது. அதற்கு மேலும் அறுவைச் சேதாரம் என்று ஒருவர் கழித்தால் அது அநியாயம். விலை பேசும் முன் எந்தக் கணக்கு என்று கேட்பது விற்பவரின் உரிமை.

காட்டில் இப்படி ஒவ்வொன்றாக அளக்க முடியாது. மாதிரிக்குச் சில மரங்களைத் துண்டு துண்டாக அளந்து, சுற்றளவுக்கும் கன அளவுக்கும் உள்ள உறவை இனவாரியாகச் சமன்பாடாக்குவார்கள். டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் இத்தகைய சமன்பாடுகளைத் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. வறண்ட இலையுதிர் காட்டில் கடுக்காய், உசில் போன்றவை தாழக் கிளைத்து, கோணலாக வளரும். தேக்குக்குச் செய்த சமன்பாட்டை அவற்றின்மேல் போட்டால் கணக்கு பிசகும்.

சந்தனத்துக்கு இந்த வழிகள் எதுவும் போதாது. அதன் விலை வைரம் எனும் உள்மரத்தில் இருக்கிறது, விற்பனையும் எடைக்குத்தான். ஒரே சுற்றளவுள்ள இரண்டு சந்தன மரங்களில் ஒன்று வைரம் பாய்ந்திருக்கும், மற்றது பெரும்பாலும் வெளிறாக இருக்கும். மெல்லிய துளையிட்டு உள்ளிருந்து ஒரு சீவல் எடுத்துப் பார்த்தால்தான் எது எது என்று தெரியும்.