வானத்தைப் படிப்போம் – 9: ஒரு சாண் வட்டம்

போன வாரம் கீற்று மேகங்களோடு நிறுத்தியிருந்தோம். எட்டுப் பத்து கிலோமீட்டர் உயரத்தில், கோழி இறகைப் பிய்த்துப் போட்டதுபோல் கிடக்குமே, அவைதான். அத்தனையும் பனிப்படிகம். கீற்றுகள் ஒன்றுகூடி வானம் முழுக்க மல் வேட்டி விரித்தாற்போல் ஆகிவிட்டால், நிலாவைச் சுற்றி வட்டம் விழும். 'நிலா கோட்டை கட்டியிருக்கு' என்பார்கள் நம் ஊரில்.

அடுத்த முறை அளந்து பாருங்கள். கையை நன்றாக நீட்டி, விரல்களை ஒரு சாணுக்கு விரியுங்கள். கட்டைவிரல் நுனியால் நிலாவை மறைத்தால், சுண்டுவிரல் நுனி ஏறக்குறைய வட்டத்தைத் தொடும். 22 டிகிரி. ஆறு பட்டைப் படிகத்துக்குள் புகுந்து வெளியேறும் ஒளி குறைந்தபட்சம் அவ்வளவு வளைந்தாக வேண்டும். அதனால் எந்த நாட்டில் நின்று பார்த்தாலும் அதே சாண்தான். நிலாவை ஒட்டிச் சின்னதாக விழும் வளையம் வேறு. அது நீர்த்துளிகளின் வேலை.

'எட்டக் கட்டினால் கிட்ட மழை' என்பதை நம்பி இங்கே குடை எடுக்க வேண்டாம். நம் மழைக்கு வேறு கணக்கு. குளிர்நாடுகளில் அந்தப் பேச்சு ஓரளவு பலிக்கும். அங்கே வெதுவெதுப்பான காற்று, கனத்த குளிர்காற்றின் முதுகில் சாய்வாக ஏறி வரும். அதன் முன்கொடிதான் இந்த மெல்லிய மேகம். பிறகு மேகம் தடித்துத் தாழும். ஒன்றிரண்டு நாளில் கொட்டும்.

எந்த உருவில் கொட்டும்? வட்டம் அதைச் சொல்லாது.

1998 ஜனவரி முதல் வாரம். கனடாவின் செயின்ட் லாரன்ஸ் பள்ளத்தாக்கில் குளிர்காற்று குளம்போல் தேங்கிக் கிடந்தது. மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று அதன் மேல் ஏறியது. மேலே பனியாகப் பிறந்தது நடுவிலிருந்த சூட்டில் உருகியது. தரைக்கருகே மறுபடி பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்தது, ஆனால் உறைய நேரமில்லை. தண்ணீராகவே வந்து கம்பி, கிளை, படிக்கட்டு என்று தொட்ட இடத்திலெல்லாம் கண்ணாடியாக ஒட்டிக்கொண்டது. இதுதான் உறைமழை. நடுவில் அந்தச் சூடு இல்லாவிட்டால் வெறும் பனிதான் விழுந்திருக்கும். வாரித் தள்ளிவிட்டு வேலைக்குப் போயிருப்பார்கள்.

வழக்கமாகச் சில மணி நேரத்தில் ஓயும் மழை, விட்டுவிட்டு ஐந்தாறு நாள் பெய்தது. சில இடங்களில் 100 மில்லிமீட்டரைத் தாண்டியது. ஏறிய பனிக்கட்டியின் பாரத்தில் சுமார் ஆயிரம் இரும்பு மின்கோபுரங்கள் மடிந்து விழுந்தன. லட்சக்கணக்கான வீடுகள் ஜனவரிக் குளிரில் இருண்டன. சிலருக்கு மின்சாரம் திரும்ப ஒரு மாதம் ஆனது. குளிர் தாங்காமல் கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டியவர்களில் சிலர், அந்தப் புகையின் மணமில்லாத நஞ்சில் தூக்கத்திலேயே இறந்தார்கள்.

தரையில் மைனஸ் 2 என்று தெர்மாமீட்டர் காட்டினால் போதாது. ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் மேலே என்ன சூடு என்று தெரிந்தால்தான் பனியா, உறைமழையா என்று சொல்ல முடியும். அதற்குத்தான் கருவியைக் கட்டிப் பலூன் விடுகிறார்கள். சென்னை மீனம்பாக்கத்திலிருந்தும் ஒன்று பறக்கிறது.

அடுத்த வாரம் அந்தப் பலூனோடு மேலே போவோம்.