வேலை அனுமதியும் தொழிற்சங்கத்தின் குரலும்



ஒரு நாட்டிலே அயல்நாட்டார் தொழில் புரிய வேண்டுமாயின் அந்நாட்டு அரசின் அனுமதி வேண்டும். அவ்வனுமதியின் விதிகளை வகுக்கும்போது தொழிற்சங்கங்களைக் கலந்தாலோசிப்பது ஏன் அவசியம் என்பதற்கு நமது மலையகத்தின் வரலாறே தக்க சான்றாகும்.

கொழுந்து பறித்தலும் கவ்வாத்து வெட்டுதலும் அட்டன், நுவரெலியாப் பகுதி மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கைவந்த தொழில்கள். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்ட மக்கள் இலங்கை இந்திய காங்கிரஸ் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அம்மக்களுள் மிகப் பெரும்பாலோர் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் பிரஜாவுரிமையும் வாக்குரிமையும் இழந்தனர்.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் திரு. லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும், 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர்.

இந்தியா செல்ல வேண்டியோர் 15 ஆண்டுகளில் படிப்படியாக அனுப்பப்படுவர். அதுவரை அவர்களுக்கு இலவச விசா உண்டு. ஒப்பந்த நாளில் தொழிலில் இருந்தோர், அனுப்பப்படும் நாள் அல்லது 55 வயது, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை வேலை செய்யலாம். சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் எடுத்துச் செல்லலாம். விதிகள் ஒழுங்கானவைதாம். ஆயினும், தான் பிறந்த லயத்திலேயே தொழிலாளி தவணைக்கு வேலை செய்யும் அயலான் ஆனான்.

இதனை முடிவு செய்கையில் தோட்டத் தொழிற்சங்கங்களைக் கலந்தாலோசிக்கவில்லை. ஆலோசித்திருந்தால் அவை கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் எளியவை. பெற்றோர் ஒரு நாட்டுக்கும் பிள்ளைகள் மற்றொரு நாட்டுக்குமாகப் பிரியமாட்டார்களா? தவணைக்குள் வேலை முடியாவிடின் என் செய்வது? தேயிலையன்றி வேறு தொழில் அறியாதார் அங்கே எதனால் பிழைப்பர்? குடும்பங்கள் பிரிந்தன, 1981இல் தவணை முடிந்தும் பணி முற்றுப்பெறவில்லை, நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் சென்றோரில் ஒரு பகுதியினர்க்கே வேலை தந்தன.

2003ஆம் ஆண்டின் சட்டமே 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கிற்று. அப்போது தோட்டத் தொழிற்சங்கத் தலைவர்கள் பாராளுமன்றத்தில் அமர்ந்திருந்தனர் என்பது கருதத்தக்கது.

இன்று மலையகத்தார் பலர் வேலை அனுமதி பெற்று வளைகுடா நாடுகளுக்குச் செல்கின்றனர். அவர்களைப் பற்றிய உடன்படிக்கை எழுதப்படும் மேசையிலும் அரசு, முதலாளி ஆகிய இருவரோடு தொழிலாளர் சார்பில் பேசுவோர்க்கும் ஓர் இடம் இருத்தல் வேண்டும்.