மாடிக்கு ஏறாத வைபை!

"மாமா! படம் நின்றுவிட்டது!"

மாடியில் இருந்து அக்கா மகளின் குரல் கேட்டது. நான் கூடத்தில் காப்பி குடித்துக் கொண்டிருந்தேன். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன்.

அழாத குறையாக அவள் உட்கார்ந்து இருந்தாள். எதிரே லேப்டாப். அதில் 3 பேருடைய முகம் தெரிந்தது. ஒருவர் வாயைப் பாதி திறந்தபடி அப்படியே நின்றார். அசைவு இல்லை. சத்தமும் இல்லை.

அது வேலைக்கான நேர்முகத் தேர்வு. சென்னையில் உள்ள கம்பெனிக்காரர்கள், திருநெல்வேலியில் இருந்த பெண்ணை இன்டர்நெட் மூலம் கேள்வி கேட்டார்கள். 4-வது கேள்விக்கு அவள் பதில் சொல்லத் தொடங்கினாள். அவ்வளவுதான். மறுபடியும் தொடர்பு கிடைப்பதற்குள் 11 நிமிடம் ஓடிவிட்டது. அதற்குள் அவர்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டு விட்டார்கள்.

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குக் காரணம் உண்டு. அந்த வீட்டுக்கு வைபை பெட்டி வாங்கிக் கொடுத்தவன் நான்தான்!

6 கொம்புகள்

அது சாதாரணப் பெட்டி அல்ல. நண்டை மல்லாக்கப் போட்டது போல 6 கொம்புகள். விலை 6 ஆயிரம் ரூபாய். அட்டைப் பெட்டியின் மேல் 3000 என்று கொட்டை எழுத்து. "மாளிகைக்கே போதும்" என்றார், கடைக்காரர். நம்பி வாங்கினேன்.

அக்கா வீடு மாளிகை அல்ல. ரயில் பெட்டி போல நீண்ட வீடு. திண்ணை, கூடம், நடு அறை, சமையல் கட்டு, பின்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். பின்கட்டுக்கு மேலே ஒரு மாடி அறை. இன்டர்நெட் கம்பி வாசல் வழியாக வருகிறது. ஆகவே பெட்டியை வாசல் கூடத்தில் மாட்டினோம். படிக்கிற பெண்ணோ பின்னால், மாடியில்!

மறுநாள், வைபை வேலை தெரிந்த ஒரு தம்பியை அழைத்து வந்தோம். அவர் கேட்ட முதல் கேள்வியே என்னை மடக்கியது.

"அண்ணாச்சி, கெட்டது இன்டர்நெட்டா, வைபையா?"

"இரண்டும் ஒன்றுதானே, தம்பி?"

"இல்லை அண்ணாச்சி. இன்டர்நெட் என்பது வாசல் வரை வருகிற தண்ணீர். வைபை என்பது வீட்டுக்குள் இருக்கிற குழாய்."

செல்போனை எடுத்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வேகத்தை அளந்தார். 96 காட்டியது. நாங்கள் பணம் கட்டுவது 100-க்கு. ஆகவே கம்பியில் குற்றம் இல்லை. மாடிக்குப் போய் அளந்தார். வெறும் 3!

வாசகர்களே, இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். காசு செலவு இல்லை. பெட்டி அருகிலேயே வேகம் இல்லை என்றால், இன்டர்நெட் தருகிறவரிடம் புகார் செய்யுங்கள். பெட்டி அருகில் நன்றாக இருந்து, தள்ளிப் போனால் குறைகிறது என்றால், அவரைத் திட்டிப் பயன் இல்லை.

3000 எங்கே போயிற்று?

"அட்டையில் 3000 என்று போட்டிருக்கிறதே?" என்று கேட்டேன்.

தம்பி சிரித்தார். அந்தப் பெட்டி 2 அலைவரிசைகளில் பேசுகிறது. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். மற்றது 5 கிகாஹெர்ட்ஸ். முதலாவதில் உச்ச வேகம் 574. இரண்டாவதில் 2402. இரண்டையும் கூட்டினால் 2976. அதைத்தான் 3000 ஆக்கி அச்சடிக்கிறார்கள். 2 பஸ்களில் உள்ள இடங்களைக் கூட்டிவிட்டு, ஒரே பஸ்சில் அத்தனை பேரும் ஏறலாம் என்று சொல்வது போல இருக்கிறது, இந்தக் கணக்கு!

அதுவும் எல்லாம் சாதகமாக இருந்தால்தான் அந்த உச்ச வேகம். தவிர, வாசலில் வருவதே 100. பெட்டியில் 3000 என்று எழுதியிருந்தாலும் இன்டர்நெட் 100-க்கு மேல் போகாது.

2.4 அலை கொஞ்சம் தூரம் போகும். சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் அதில் கூட்டம் அதிகம். இந்தியாவில் 2005-ம் ஆண்டிலேயே லைசென்ஸ் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று அதைத் திறந்து விட்டார்கள். பக்கத்து வீடு, எதிர் வீடு, மாடி வீடு எல்லோரும் அதில்தான் பேசுகிறார்கள். சமையல் அறையில் மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால், அதுவும் ஏறக்குறைய இதே அலைவரிசையில்தான் சோற்றைச் சூடாக்குகிறது. 5 அலையில் வேகம் அதிகம், நெரிசல் குறைவு. ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும்.

அக்கா வீட்டில் வாசலுக்கும் மாடிக்கும் இடையே 4 செங்கல் சுவர்கள். நடு அறையில் கண்ணாடி பதித்த இரும்பு பீரோ. மேலே கம்பி கட்டிய கான்கிரீட் தளம். இரும்பு அலையைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் அதை விழுங்கும். அப்புறம் எப்படி மாடிக்கு ஏறும்?

வானத்தில் தேடியது

இங்கே ஒரு ருசிகரமான சங்கதி. அறைக்குள் அலை ஒரே வழியில் வருவது இல்லை. சுவரில் பட்டு, பீரோவில் பட்டு, பல வழிகளில் வந்து சேரும். ஒரே சொல்லைப் பலர் முன்னும் பின்னுமாகச் சொன்னால் எப்படிக் குழம்புமோ, அப்படிக் குழம்பும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர்களில் முக்கியமானவர்கள் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற அரசு ஆராய்ச்சி நிலையத்தார். அந்தக் குழுவின் தலைவர் ஜான் ஓ'சல்லிவன். அவர் வான ஆராய்ச்சிக்காரர். குட்டிக் கருந்துளைகள் வெடிக்கும் என்று ஸ்டீபன் ஹாக்கிங் சொல்லியிருந்தார். அந்த வெடிப்பின் ரேடியோ அலையை 1970-களில் ஓ'சல்லிவன் தேடினார். கிடைக்கவில்லை. ஆனால் மங்கிய அலையைத் தெளிவாக்கும் கணக்கு கைக்கு வந்தது. பிறகு அந்த அனுபவம் அறைக்குள் வந்தது. 1996-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள்.

எதிரொலியைச் சமாளிக்கலாம். சுவர் விழுங்கிய அலையை யாராலும் மீட்க முடியாது.

ஒலிபெருக்கியும் பாட்டியும்

"இன்னும் பெரிய பெட்டி வாங்கலாமா?" என்று அக்கா கேட்டாள்.

"வேண்டாம் அக்கா. கோவில் கொடைக்கு ஒலிபெருக்கி கட்டுகிறார்கள். அது பேசுவது உங்களுக்குக் கேட்கிறது. வீட்டுக்குள் இருந்து பாட்டி பதில் சொன்னால், மைக் பிடித்தவருக்குக் கேட்குமா?"

இதுதான் விஷயம்! பெட்டி உரக்கப் பேசலாம். ஆனால் செல்போனின் குரல் சன்னமானது. பாட்டரியை வைத்துக்கொண்டு அது எவ்வளவுதான் கத்தும்? செல்போனில் வைபை கோடு முழுதாகத் தெரியும். ஆனாலும் படம் நகராது. பெட்டி சொல்வது போனுக்குக் கேட்கிறது. போன் சொல்வது பெட்டிக்குக் கேட்கவில்லை.

அப்படியானால் வழி? பெட்டி ஆளுக்குப் பக்கத்தில் வர வேண்டும். அதற்குத்தான் "ஆக்சஸ் பாயிண்ட்" இருக்கிறது.

ஊருக்கு ஒரு தபால் ஆபீஸ் இருக்கும். ஆனால் தபால் பெட்டி தெருமுனைதோறும் இருக்கும் அல்லவா? ரூட்டர்தான் தபால் ஆபீஸ். ஆக்சஸ் பாயிண்ட் என்பது தெருமுனைத் தபால் பெட்டி. அதில் இருந்து ரூட்டருக்கு ஒரு கம்பி போகும். மாடியில் இருக்கிற போன் 4 சுவரைத் தாண்ட வேண்டாம். தலைக்கு மேலே இருக்கிற பெட்டியோடு பேசினால் போதும்.

"ரிப்பீட்டர்" என்று ஒன்று மலிவாக விற்கிறார்கள். கம்பி வேண்டாம், சுவரில் சொருகினால் போதும். பக்கத்து வீட்டில் அதுதான் இருக்கிறது. ஆனால் மலிவான ரகம் கேட்பதும் சொல்வதும் ஒரே அலையில். பாதி நேரம் கேட்கும், பாதி நேரம் சொல்லும். வேகமும் பாதியாகிவிடும். இதைவிட மேல் "மெஷ்" பெட்டிகள். வாடகை வீடு, சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார் என்றால் அவற்றை வாங்கலாம். கம்பி இழுக்க முடியும் என்றால், நான் கம்பிக்கே ஓட்டுப் போடுவேன்.

புதுப் பெட்டி வாங்கவில்லை!

தம்பி அடுத்துச் செய்ததுதான் எனக்கு ஆச்சரியம். புதிதாக எதையும் வாங்கச் சொல்லவில்லை. இன்டர்நெட் தருகிறவர் முன்பே ஒரு பெட்டி கொடுத்திருந்தார். அதன் வைபையை நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன். கூடத்துக்கு அதுவே போதும் என்றார். என் 6 கொம்புப் பெட்டியைக் கழற்றி மாடிக்குக் கொண்டு போனார். அதன் உள்ளே "ஆக்சஸ் பாயிண்ட் மோடு" என்று ஒரு வசதி இருக்கிறது. அதைத் தேர்ந்து எடுத்தால் அது ரூட்டர் வேலையை விட்டுவிடும். அலை வேலையை மட்டும் பார்க்கும். பல பழைய ரூட்டர்களில் இந்த வசதி உண்டு. பரணில் ஒன்று கிடந்தால் எடுத்துப் பாருங்கள்.

வாசலில் இருந்து மாடிக்கு 30 மீட்டர் கம்பி இழுத்தார். இந்தக் கம்பி 100 மீட்டர் வரை போகலாம். வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளே முழுச் செம்பு இருக்க வேண்டும். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியும் விற்கிறார்கள். கத்தியால் லேசாகச் சுரண்டினால் வெள்ளை தெரியும். தெரிந்தால் வாங்காதீர்கள்.

2 பெட்டிகளுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்தார். 2.4 அலையில் ஒன்றோடு ஒன்று மோதாத சானல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். கூடத்துக்கு 1, மாடிக்கு 11 கொடுத்தார். பிறகு கூடத்துப் பெட்டியின் பலத்தைக் குறைத்தார்!

"குறைக்கிறீர்களே, தம்பி?"

"அதிகமாக இருந்தால் போன் அதையே கட்டிக்கொண்டு அழும், அண்ணாச்சி. மாடிக்குப் போனாலும் விடாது."

அலையை அளக்கச் செல்போனிலேயே செயலி இருக்கிறது. அது மைனஸ் கணக்கு காட்டும். மைனஸ் 67 அல்லது அதைவிடச் சின்ன எண் இருந்தால் படத்தோடு பேசலாம். மைனஸ் 80-ஐத் தாண்டினால் தகராறு. மாடி அறையில் முன்பு மைனஸ் 84. இப்போது மைனஸ் 45.

கம்பிக்கும் கூலிக்கும் கொடுத்தது நான்தான். அக்கா கேட்கவில்லை. நானே கொடுத்தேன்.

அத்தான் கடை

இதைப் பார்த்த அத்தான், தம்பியைத் தம்முடைய ஜவுளிக் கடைக்கும் அழைத்துப் போனார். அங்கே வேறு கூத்து. சுவரில் வைபை பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருந்தார்கள். வாடிக்கையாளர் சேலை படத்தை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமாம். பில் போடும் கம்ப்யூட்டரும், கார்டு மிஷினும், காமிராவும் அதே வைபையில்! வருகிறவர் போகிறவர் எல்லாம் கல்லாப் பெட்டி அறைக்குள் உட்கார்ந்திருப்பது போல அல்லவா இது?

கடைக்கு வாங்கும் ஆக்சஸ் பாயிண்டில் 2, 3 பெயர்கள் வைக்கலாம். விருந்தாளிக்கு ஒரு பெயர், கடைக்கு ஒரு பெயர். ஒன்றில் இருப்பவர் மற்றதற்குள் நுழைய முடியாதபடி அமைக்கலாம். கடைக்காரர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது கரண்ட். ஒரே கம்பியில் இன்டர்நெட்டும் மின்சாரமும் போகும் ரகம் உண்டு. கூரையில் பெட்டியை மாட்டலாம். அங்கே பிளக் வேண்டாம். எல்லாக் கம்பிகளும் வந்து சேரும் இடத்தில் ஒரு யு.பி.எஸ். வைத்தால், கரண்ட் போனாலும் எல்லாப் பெட்டிகளும் ஓடும்.

கூட்டத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு பெட்டிக்கு ஒரே சமயத்தில் 20, 30 பேர் என்று வைத்துக்கொள்வது நல்லது என்றார், தம்பி. லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கு இன்னொன்று சொன்னார். பெட்டியைத் தாழ்வாரத்தில் மாட்டுவார்கள். ஆனால் அறைக் கதவுக்குப் பக்கத்தில்தான் குளியல் அறை இருக்கும். கல், குழாய், தண்ணீர் எல்லாம் தாண்டி அலை கட்டிலுக்கு வர வேண்டும். அறைக்குள் மாட்டினால், சுற்றியுள்ள 2, 3 அறைகளுக்கு நன்றாகக் கிடைக்கும்.

எந்த ரகம் வாங்குவது? வைபை 6 என்பது 2019-ல் வந்தது. வைபை 7 சான்று கொடுப்பது 2024-ல் தொடங்கியது. பெட்டி 7 ஆக இருந்து, போன் 5 ஆக இருந்தால் புது வசதி எதுவும் போனுக்குக் கிடைக்காது. 100 வேகம் உள்ள வீட்டுக்கு 6 தாராளம். மிச்சப் பணத்தில் நல்ல கம்பி வாங்கலாம். டபிள்யு.பி.ஏ.3 என்ற பூட்டு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அக்கா மகளுக்கு 3 வாரம் கழித்து இன்னொரு நேர்முகத் தேர்வு வந்தது. 40 நிமிடம் நடந்தது. படம் ஒரு முறை கூட நிற்கவில்லை. நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். காப்பி ஆறிப் போயிற்று.

வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். முடிவு இன்னும் வரவில்லை.