டீ குடிக்கப் போன நேரத்தில் கம்ப்யூட்டர் யார் கையில்? தானாக விழும் பூட்டுக்கு வழி இருக்கிறது!

திறந்து கிடக்கும் கம்ப்யூட்டரைக் கைப்பற்ற எவ்வளவு நேரம் வேண்டும்? சில வினாடிகள் போதும். அமெரிக்கப் போலீசார் இதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள்.

2013–ம் ஆண்டு அக்டோபர் 1–ந் தேதி. சான்பிரான்சிஸ்கோ நகரில் உள்ள கிளன் பார்க் நூல்நிலையம். பிற்பகல் 3 மணி தாண்டிவிட்டது. ஒரு வாலிபர் லேப்டாப்பைத் திறந்து வைத்துக் கொண்டு மும்முரமாக வேலை செய்து கொண்டிருந்தார். பெயர் ராஸ் உல்பிரிக்ட். வயது 29.

இண்டர்நெட்டில் "சில்க் ரோடு" என்ற கள்ளச் சந்தையை நடத்துகிற ஆசாமி இவர்தான் என்று எப்.பி.ஐ. போலீசார் மோப்பம் பிடித்திருந்தனர். அங்கே நடந்தது போதைப் பொருள் வியாபாரம். பணம் கைமாறியது பிட்காயினில்.

ஆளை மடக்குவது பெரிய வேலை இல்லை. லேப்டாப்பைத் திறந்தபடியே பிடிக்க வேண்டும். அதில்தான் சிக்கல். மூடியைச் சாத்திவிட்டால் போச்சு! உள்ளே உள்ள ரகசியம் எல்லாம் பூட்டிக் கொள்ளும்.

சண்டை போட்ட ஜோடி

அந்த நேரத்தில் வாலிபரின் முதுகுப் பக்கம் ஒரு ஆணும் பெண்ணும் சத்தம் போட்டுச் சண்டையிட்டனர். "என்னடா இது?" என்று வாலிபர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்! லேப்டாப் வேறு கைக்குப் போய்விட்டது. சண்டை போட்ட ஜோடி, மாறுவேடத்தில் வந்த போலீஸ்!

கள்ளச் சந்தையின் முதலாளி மட்டுமே பார்க்கக் கூடிய பக்கம் அப்போது திரையில் திறந்திருந்தது. அவர் எழுதி வைத்திருந்த டைரியும் உள்ளே சிக்கியது. 2015–ல் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2025 ஜனவரியில் ஜனாதிபதி டிரம்ப் மன்னிப்பு வழங்க, விடுதலை ஆனார்.

அங்கே சண்டை நாடகம் தேவைப்பட்டது. நம்ம ஊர் ஆபீசில் அதுகூட வேண்டாம். "டீ... டீ..." என்று ஒரு குரல் வந்தால் போதும். நாற்காலி காலி. கம்ப்யூட்டர் திறந்தே கிடக்கும்.

கணக்குப் பிள்ளை சீட்டில் பேங்க் கணக்கு திறந்திருக்கும். கடை கல்லாவில் பில் போடும் கம்ப்யூட்டர் திறந்திருக்கும். மானேஜர் அறையில் மெயில் திறந்திருக்கும். பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை என்பது உண்மைதான். தொட்டால்தான் வம்பு.

12 எழுத்தில் பாஸ்வேர்டு வைத்திருப்பார்கள். மாதாமாதம் மாற்றவும் செய்வார்கள். திறந்து போட்டுவிட்டு எழுந்து போனால் என்ன பிரயோஜனம்? திண்டுக்கல் பூட்டு வாங்கி மாட்டிவிட்டு, சாவியைப் பூட்டிலேயே விட்டுப் போன கதைதான்.

பழி யார் மேல்?

அடுத்தவர் கம்ப்யூட்டரில் அனுமதி இல்லாமல், மோசடி எண்ணத்துடன் புகுந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66–வது பிரிவு பாயும். 3 ஆண்டு வரை ஜெயில், 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

ஆனால் செய்தது யார் என்று முதலில் தெரிய வேண்டுமே! நாற்காலியில் உட்கார்ந்தவர் பெயர் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பாஸ்வேர்டு போட்டவர் பெயரைத்தான் அது குறித்து வைக்கும். "அது நான் அனுப்புன மெயில் இல்லை சார், நான் டீ குடிக்கப் போயிருந்தேன்" என்று ஊழியர் கையைப் பிசைந்து கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஒரு டிக் அடிக்க வேண்டும்

திரையில் படம் ஓடினால் பூட்டு விழுந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. ஸ்கிரீன் சேவர் வந்தது ரகசியத்தைக் காக்க அல்ல, கண்ணாடியைக் காக்க! அந்தக் கால டப்பா மானிட்டரில் ஒரே எழுத்து மணிக்கணக்கில் நின்றால் திரையில் அச்சு மாதிரி பதிந்துவிடும். அதற்காக 1983–ல் ஜான் சோச்சா என்பவர் ஒரு புரோகிராம் எழுதினார். 3 நிமிஷம் யாரும் தொடாவிட்டால் அது திரையைக் கறுப்பாக்கிவிடும்.

அதைப் பூட்டாக மாற்ற ஒரு டிக் போதும். விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ் போக வேண்டும். பெர்சனலைசேஷன், அதற்குள் லாக் ஸ்கிரீன், அதற்குள் ஸ்கிரீன் சேவர். முதலில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு நிமிஷம் குறிக்க வேண்டும். பக்கத்தில் "ஆன் ரெஸ்யூம், டிஸ்பிளே லாகான் ஸ்கிரீன்" என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் அடித்து ஓகே கொடுக்க வேண்டும். இந்த டிக் இல்லாவிட்டால் மவுஸை யார் அசைத்தாலும் திறந்துவிடும். கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டே வைக்காதவர்கள் டிக் அடித்தும் புண்ணியம் இல்லை.

எத்தனை நிமிஷம்? கார்டு மூலம் பணம் வாங்கும் நிறுவனங்களுக்கான சர்வதேசப் பாதுகாப்பு விதி, 15 நிமிஷம் சும்மா இருந்தால் மறுபடி பாஸ்வேர்டு கேட்க வேண்டும் என்கிறது. ஆட்கள் வந்து போகும் இடத்தில் அது ரொம்ப அதிகம். 3 அல்லது 5 நிமிஷம் சரியாக இருக்கும். ஒரு நிமிஷம் வைத்தால், ஒரு பேப்பரைப் படித்து நிமிர்வதற்குள் பூட்டிக் கொள்ளும். எரிச்சல் வரும். மறுநாளே டிக்கை எடுத்துவிடுவார்கள்.

அந்த 3 நிமிஷ இடைவெளியும் கூடாது என்றால், எழும்போதே விண்டோஸ் பொத்தானையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்த வேண்டும். உடனே பூட்டு விழும். ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், கமாண்ட், கியூ மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

"அதெல்லாம் ஞாபகம் இருக்காதுப்பா" என்பவர்களுக்கும் ஒரு வசதி 2017–ல் விண்டோஸ் 10–ல் வந்தது. பெயர் டைனமிக் லாக். செல்போனை புளூடூத் மூலம் கம்ப்யூட்டருடன் இணைத்துவிட்டு, செட்டிங்சில் அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் பகுதியில் இதற்கு டிக் அடிக்க வேண்டும். போனோடு ஆள் தூரம் போனால், சற்று நேரத்தில் கம்ப்யூட்டர் தானாகப் பூட்டிக் கொள்ளும்.

பக்கத்து மேஜைக்குப் போனால் பூட்டாது. புளூடூத் அதுவரை எட்டும். போனை மேஜையிலேயே சார்ஜில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனாலும் பூட்டாது!