7 நாட்களா, 47 நாட்களா?
கலைஞர் முதல்வரான கதையை வெண்மணியில் நின்று வாசித்தல்



ஒரு தலைவர் எப்படி ஆட்சிக்கு வந்தார் என்று சொல்லும் நூல்கள் தமிழில் ஏராளம். கட்சிக்காரர் எழுதினால் அது தியாக வரலாறு; எதிர்முகாமில் இருப்பவர் எழுதினால் சூழ்ச்சி வரலாறு. இரண்டிலும் சேரிக்கு இடம் இருப்பதில்லை. மு. கருணாநிதி 1969இல் முதலமைச்சரான கதையை எடுத்துக்கொண்டு, அதைச் சேரியில் நின்று எப்படி வாசிப்பது என்று இன்று விளக்க முயல்கிறோம்.

எல்லோரும் ஒப்புக்கொள்ளும் செய்திகளிலிருந்து தொடங்குவோம். 1924இல் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துத் திருக்குவளையில் இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். நிலபுலம் இல்லை, கல்லூரிப் படிப்பு இல்லை, எண்ணிக்கையில் பெரிய சாதியின் பின்பலமும் இல்லை. 1957இல் குளித்தலை, 1962இல் தஞ்சாவூர், 1967இல் சைதாப்பேட்டை என்று தொடர்ந்து வென்றார். அண்ணாவின் அமைச்சரவையில் பொதுப்பணித் துறை அவரிடம் இருந்தது. 1969 பிப்ரவரி 3இல் அண்ணா மறைந்தார். அமைச்சரவையில் அடுத்த இடத்திலிருந்த நாவலர் நெடுஞ்செழியன் தற்காலிக முதல்வரானார். பிப்ரவரி 10இல் கருணாநிதி பதவியேற்றார்.

சர்ச்சை இந்த 7 நாட்களைப் பற்றியது. 'நெஞ்சுக்கு நீதி' ஒரு கணக்குச் சொல்கிறது. நாவலரின் தன்வரலாறு வேறு கணக்குச் சொல்கிறது. மூத்தவரை ஒதுக்கி இளையவர் முந்திக்கொண்டார் என்பது ஒரு தரப்பு. உழைத்தவரிடம் கட்சி தானாகப் போய்ச் சேர்ந்தது என்பது மறுதரப்பு. எம்.ஜி.ஆரின் ஆதரவு இதில் கனமாக நின்றது. நாவலர் முதலில் அமைச்சரவையில் சேரவில்லை, பிறகு சேர்ந்தார். கட்சியில் தலைவர் பதவி கலைஞருக்கும் பொதுச்செயலாளர் பதவி நாவலருக்கும் என்று சமரசம் ஆயிற்று. 1987இல் எம்.ஜி.ஆர். மறைந்தபோதும் அதே நாவலர்தான் மீண்டும் தற்காலிக முதல்வரானார். தற்காலிக நாற்காலி மரபின்படி மூத்தவருக்கு வந்தது. நிரந்தர நாற்காலியைச் சட்டமன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கை தீர்மானித்தது. அந்த எண்ணிக்கையை ஊர் ஊராகப் போய் ஆண்டுக்கணக்கில் சேர்த்தவர் கலைஞர். இதில் மர்மம் எதுவும் இல்லை.

நாம் கேட்பது வேறு கேள்வி. எண்ணிக்கையை ஏன் பிப்ரவரி 3இல் தொடங்க வேண்டும்?

1968 டிசம்பர் 25 இரவில் இருந்து எண்ணிப் பாருங்கள். பதவியேற்பு வரை 47 நாட்கள். அன்றிரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டதும், மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கம் சொல்லியும் செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். திருக்குவளையும் வெண்மணியும் ஒரே நாகை வட்டாரத்து ஊர்கள். செய்தி கேட்டு அண்ணா அனுப்பிய அமைச்சர்களில் ஒருவர் கருணாநிதி. அதாவது, முதல்வர் ஆவதற்குச் சில வாரங்களுக்கு முன் அவர் அந்தச் சாம்பலைப் பார்த்தவர். வாழ்க்கை வரலாறுகளில் பதவிப் போட்டிக்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கிறது. வெண்மணிக்கு எத்தனை பக்கம் என்று நீங்களே புரட்டிப் பாருங்கள்.

சட்டங்கள் எங்கிருந்து வந்தன?

டெல்டாவில் உழவர் என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு கூட்டம் இருந்தது. ஒன்று, குத்தகைதாரர், இவர்களில் பெரும்பாலோர் இடைநிலைச் சாதியினர். மற்றொன்று, பண்ணையாளும் தினக்கூலியும்; பெரும்பாலும் நம் மக்கள். 1957இல் சட்டமன்றத்தில் கலைஞரின் கன்னிப்பேச்சு நங்கவரம் பண்ணை உழவர்களுக்காகத்தான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் குத்தகை உரிமை கேட்பவரின் போராட்டமும் கூலி கேட்பவரின் போராட்டமும் ஒன்றல்ல. 1952ஆம் ஆண்டின் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், பண்ணையாள் என்ற பெயரையே நீக்கி மிராசுதார்கள் நம்மவரைத் தினக்கூலியாக்கினார்கள். சட்டம் காகிதத்தில் நின்றது.

வெண்மணிக்குப் பிறகு கணபதியாப்பிள்ளை ஆணையம் அமைந்தது. கிழக்குத் தஞ்சைக்கென 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1970இல் நில உச்சவரம்பு 30 தர ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைந்தது. பினாமிப் பெயர்களும் அறக்கட்டளைகளும் அதில் ஓட்டை போட்டன. 1971இல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. இந்தக் கடைசிச் சட்டத்தின் அருமை டெல்டாக்காரருக்குத்தான் தெரியும். குடிசை நின்ற மண் மிராசுதாருடையது. வயலில் கூலி கேட்டவனை வீட்டிலிருந்தே கிளப்பிவிடலாம். அந்த மண் சொந்தமானபோதுதான் நிமிர்ந்து நின்று பேரம் பேச முடிந்தது. பட்டியல் சாதியினருக்கான இட ஒதுக்கீடு 16லிருந்து 18 விழுக்காடு ஆனதும் அதே ஆட்சியில்தான்.

இவற்றை ஒரு தலைவரின் கருணையாக எழுதுவது எளிது. எதுவுமே நடக்கவில்லை என்று எழுதுவதும் எளிது. இரண்டும் பொய். கையொப்பம் அவருடையது, விலை கொடுத்தவர்கள் அந்த 44 பேரும், அடிபட்டும் கொடியை இறக்காதவர்களும்.

நீதியின் கணக்கு வேறு. 1970இல் நாகை அமர்வு நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கும் மற்றவர்களுக்கும் 10 ஆண்டுச் சிறை விதித்தது. 1973இல் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்ற ரீதியில் போயிற்று அந்தத் தீர்ப்பு. அடுத்த ஆண்டு, 1974இல், கழகத்தின் தொடக்க காலம் முதல் உழைத்த சத்தியவாணி முத்து, தாழ்த்தப்பட்டோர் புறக்கணிக்கப்படுகிறார்கள் என்று சொல்லி அமைச்சர் பதவியையும் கட்சியையும் விட்டு வெளியேறித் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் தொடங்கினார். கலைஞரின் எழுச்சியைச் சொல்லும் நூல் எம்.ஜி.ஆர். வெளியேறியதை விரிவாகச் சொல்லும். சத்தியவாணி முத்து வெளியேறியதை ஒரு வரியில் கடக்கும்.

சிறுபான்மைச் சாதியில் பிறந்து, நிலமற்ற வீட்டிலிருந்து வந்த ஒருவர் 5 முறை முதல்வரானது சிறிய செய்தியல்ல. சாதி அடுக்கைக் கீழிருந்து அறிந்தவர்கள் அதன் எடையை உணர்வோம். அதனால்தான் அவரிடம் நம் எதிர்பார்ப்பும் கூடுதலாக இருந்தது, கேள்வியும் கூடுதலாக இருக்கிறது.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறோம். அடுத்த அரசியல் வரலாற்று நூலைக் கையில் எடுக்கும்போது, யார் யாரை முந்தினார் என்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த வாரத்தில் வயலில் கூலி என்ன, மனை யார் பெயரில் இருந்தது, எந்த வழக்கு நிலுவையில் கிடந்தது என்று பக்க ஓரத்தில் எழுதுங்கள். உங்கள் தெருவில் 1971க்குப் பிறகு முதல் மனைப்பட்டா வாங்கிய பெரியவர் யாரேனும் இன்னும் இருக்கக்கூடும். அவரிடம் போய் உட்காருங்கள். பட்டா யாரால் வந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயர்களையும் அந்த வரலாற்றில் சேர்த்து எழுதுங்கள்.