திருக்கோணமலைக்கு ஹோம்ஸ் வந்த ஆண்டு

பள்ளிப் பருவத்தில் எனக்கு நேர்ந்த சிறியதோர் ஏமாற்றத்தைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். ஆர்தர் கொனன் டொயில் எழுதிய ஷேர்லொக் ஹோம்ஸ் கதைகளுள் ஒன்றை அகராதியின் துணையோடு தட்டுத் தடுமாறிப் படித்துக்கொண்டிருந்தேன். பொஹீமிய மன்னனின் இரகசியம் பற்றிய கதை அது. அதன் தொடக்கத்திலேயே டொக்டர் வொட்சன், தம் நண்பர் அண்மையில் துலக்கிய வழக்குகள் சிலவற்றைப் போகிற போக்கிற் குறிப்பிடுகின்றார். அவற்றுள் ஒன்று, திருக்கோணமலையில் அற்கின்சன் சகோதரருக்கு நேர்ந்த விசித்திரமான துயரம். திருக்கோணமலை! இலண்டன் மாநகரின் மூடுபனிக்குள் நடமாடிய அந்த மனிதர் நமது கடற்கரைக்கும் வந்திருப்பாரோ என்ற எண்ணம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

மறுநாள் ஆங்கில ஆசிரியரிடம், "ஹோம்ஸ் எந்த வருசம் சேர் திருக்கோணமலைக்கு வந்தவர்?" என்று கேட்டேன். "கதையிலை வாற ஆளுக்கு வருசமும் திகதியும் என்னத்துக்கடா? சோதினைக்குப் படி" என்றார் அவர். வகுப்புச் சிரித்தது. நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

நான் கேட்டதைப் போன்ற கேள்விகளை மேனாட்டிற் பேரறிஞர் பலர் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தனர் என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே அறிந்தேன்.

இந்த ஆராய்ச்சிக்கு வழிதிறந்தவர் றொனால்ட் நொக்ஸ். 1911ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட்டில் அவர் வாசித்த கட்டுரையொன்று, வேதாகமத்தையும் ஹோமரின் காவியங்களையும் ஆராய்வதற்கு அக்காலப் பண்டிதர் கையாண்ட முறைகளையெல்லாம் ஹோம்ஸ் கதைகளின்மீது ஏவிப் பார்த்தது. பண்டிதர்களைப் பரிகசிப்பதே அவரது நோக்கம். ஆயின், பரிகாசமாகத் தொடங்கியது விரைவிலேயே தனியொரு கலையாயிற்று. 1934இல் கிறிஸ்தோபர் மோர்லி என்ற எழுத்தாளர் நியூயோர்க்கில் ஹோம்ஸ் அன்பர் கழகம் ஒன்றை நிறுவினார். இலண்டனிலும் அவ்வாறான கழகம் எழுந்தது. ஹோம்ஸும் வொட்சனும் மெய்யாகவே வாழ்ந்தவர்கள், கொனன் டொயில் அவர்களது ஏடுகளை அச்சேற்ற உதவியவர் மாத்திரமே என்பது இவ்வன்பர்கள் வகுத்துக்கொண்ட விதி. அந்த விதியைச் சிரிக்காமற் காத்தல் வேண்டும் என்பது இரண்டாம் விதி.

இவர்களது முதல் வழக்கு ஹோம்ஸின் வயது பற்றியது. நான்கு நாவல்களும் ஐம்பத்தாறு சிறுகதைகளுமாக அறுபது கதைகள் உள. அவற்றுள் எங்கேனும் அவர் பிறந்த ஆண்டு கூறப்படவில்லை. 1914ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நிகழ்வதாகவுள்ள ஒரு கதையில் மட்டும் அவர் அறுபது வயதினராகக் காட்டப்படுகிறார். அதனைக் கொண்டு 1854 எனக் கணித்தனர். "அக்கதையில் அவர் மாறுவேடத்தில் அல்லவா இருக்கின்றார்? அறுபது என்பது வேடத்தின் வயதா, மனிதரின் வயதா?" என்று மறுப்போர் கேட்கின்றனர். அவர் பயின்ற பல்கலைக்கழகம் எது என்பதிலும் பிணக்கே. நொக்ஸ் ஒக்ஸ்போட் என்றார். துப்பறியும் நாவல்களாற் புகழ்பெற்ற டொரதி சேயர்ஸ் அம்மையார் கேம்பிரிட்ஜ் என்று வழக்காடினார். பிறந்தநாள் ஜனவரி 6 என்று மோர்லி சொன்னார். ஒரு நாவலில் ஜனவரி 7ஆம் திகதி காலையில் ஹோம்ஸ் உணவைத் தொடாமல் அமர்ந்திருக்கிறார். முதல்நாள் இரவு விருந்து பலமாக இருந்திருக்க வேண்டும் என்பது அன்பர்கள் காட்டும் சான்று!

வொட்சனின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1880ஆம் ஆண்டு ஆப்கானிஸ்தானத்து மைவாண்ட் போரில் அவர் மீது ஒரு குண்டு பாய்ந்தது. முதல் நாவலின்படி அது தோளிற் பாய்ந்தது. இரண்டாம் நாவலின்படி காலிற் பாய்ந்தது. அவருடைய பெயர் ஜோன். ஆனால் ஒரு கதையில் அவர் மனைவி அவரை ஜேம்ஸ் என்கிறாள். சேயர்ஸ் அம்மையார் இதற்குக் கண்ட சமாதானம் அழகானது. அவருடைய இடைப்பெயரின் முதலெழுத்து 'எச்'. அது ஹேமிஷ் என்ற ஸ்கொத்லாந்துப் பெயராகலாம். ஹேமிஷின் ஆங்கில வடிவம் ஜேம்ஸ். ஆசிரியரின் கைதவறு இல்லறத்துச் செல்லப்பெயராக மாறிவிட்டது!

ஹோம்ஸ் 1891 மே மாதத்தில் சுவிற்சலாந்து நீர்வீழ்ச்சியில் மாண்டார் என நம்பப்பட்டு, 1894இல் மீண்டுவருகிறார். அங்ஙனமாயின் 1892 மார்ச் மாதத்தில் இலண்டனில் வொட்சனோடு இருந்து ஒரு வழக்கை அவர் எவ்வாறு துலக்கினார்? இதற்கு விடை காண்பதிலும் அறிஞர் பலர் மூளையைக் கசக்கினர்.

இனித் திருக்கோணமலைக்கு வருவோம். பொஹீமியக் கதை நிகழும் நாள் 1888 மார்ச் 20. வொட்சன் அப்போது மணமானவர். நண்பரைப் பிரிந்து வேறு இல்லத்தில் வாழ்பவர். அந்தப் பிரிவுக் காலத்தில் அவர் செவிவழி அறிந்த செய்தியே திருக்கோணமலை வழக்கு. ஆனால், வொட்சன் தம் மனைவி மேரியை முதன்முதலாகச் சந்திக்கும் நாவலின் உட்சான்றுகள் பல 1888ஆம் ஆண்டையே சுட்டுகின்றன. அந்நாவலிலும் ஒரே நாளுக்கு யூலை மாதத் தபால் முத்திரையும் செப்ரெம்பர் மாதத்து மாலையும் சேர்ந்து வருகின்றன. எம்மாதமாயினும் மார்ச் மாதத்துக்குப் பிந்தியதே. சந்திப்பதற்கு முன்பே திருமணம் நடந்துவிட்டதா? 1887 செப்ரெம்பரில் நிகழும் வேறொரு கதையில், மனைவி தன் தாயைப் பார்க்கப் போயிருப்பதாக வொட்சன் எழுதுகிறார். மேரியோ தாயை இழந்தவள். பிற்பதிப்புகளில் அந்தத் தாய் அத்தையாக மாற்றப்பட்டாள். மேரிக்கு முன்னரே வொட்சனுக்கு வேறொரு மனைவி இருந்திருத்தல் வேண்டும் என்று முடிவுகட்டியோரும் உளர்.

ஹோம்ஸின் கப்பலை எந்த மாதத்தில் ஏற்றுவது? சுயெஸ் கால்வாய் வழியாயினும் அக்காலத்தில் இங்கிலாந்திலிருந்து இலங்கை வந்து சேரச் சில வாரங்கள் ஆகும். திரும்பிச் செல்லவும் அவ்வளவு ஆகும். அவ்வளவு நீண்ட காலம் அவர் இலண்டனில் இல்லை என்று காட்டினாலன்றி வழக்கு நிலைபெறாது. அன்றி, வொட்சனின் வாக்கியத்தைக் கூர்ந்து நோக்கினால், வழக்கைத் துலக்கினார் என்றுதான் இருக்கிறது. கப்பலேறினார் என்று இல்லை. பேக்கர் தெரு நாற்காலியில் இருந்தபடியே, தந்தியையும் தபாலையும் கொண்டு முடித்திருக்கவும் கூடும். என் உள்ளம் மட்டும் அவர் வந்தார் என்றே வாதாடுகிறது.

கொனன் டொயில் இவற்றையெல்லாம் பொருட்படுத்தியவரல்லர். வேகமாக எழுதினார், முன்னே எழுதியதைப் புரட்டிப் பார்க்கவில்லை. தமது வரலாற்று நாவல்களே நிலைக்கும் என்று அவர் கருதினார். ஹோம்ஸை 1893இல் கொன்றும் பார்த்தார். நொக்ஸின் கட்டுரையைக் கண்டபோது, இத்தகைய பொருளில் ஒருவர் இத்துணை உழைப்பைச் செலவிட்டாரே என்று வியந்து கடிதம் எழுதினார். படைத்தவன் மறந்த திகதிகளைப் படித்தவன் காத்துவைத்திருக்கிறான். இது குற்றங்காணும் புத்தி என்று சொல்வாருளர். குற்றம் காண்பவன் பிழையைச் சுட்டியதோடு எழுந்து போய்விடுவான். இவர்களோ பிழையைக் கண்டபின், அது பிழையாகாதபடி அந்த மனிதருக்கு ஓர் இடைப்பெயரையும், ஒரு முதல் மனைவியையும், ஒரு கடற்பயணத்தையும் தேடிக் கொடுக்கின்றனர். உயிரோடிருந்தவர் என்று நம்பியவருக்கன்றி வேறு எவருக்கு நாம் வயது கணிப்போம்?

நானும் ஆசிரியத் தொழிலுக்கே வந்து சேர்ந்தேன். ஒருநாள் பாட நாவலொன்றை நடத்திக்கொண்டிருந்தபோது, பின்வாங்கில் இருந்த மாணவியொருத்தி எழுந்து, "சேர், மூண்டாம் அதிகாரத்திலை இவவுக்குப் பதினாறு வயசு. ரெண்டு வருசம் கழிச்சும் பதினாறு எண்டே இருக்குது" என்றாள். வகுப்புச் சிரித்தது. பரீட்சைக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. பாடமோ பாதியும் முடியவில்லை. என் ஆசிரியரின் வாக்கியம் என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அவர் கெட்டவரல்லர், அவருக்கும் அன்று பாடம் முடியாதிருந்திருக்கும் என்பது அக்கணத்திலேதான் எனக்கு விளங்கிற்று.

வெண்கட்டியை அவளிடம் நீட்டி, கதையின் ஆண்டுகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதச் சொன்னேன். அன்று பாடம் நடக்கவில்லை. மணி அடித்த பின்னரும் நாலைந்து பேர் புத்தகத்தைப் புரட்டியபடி பலகையைச் சூழ்ந்து நின்று சண்டை பிடித்தனர். அவர்களுள் இருவர் அதுவரை அந்நாவலைத் திறந்தும் பாராதவர்கள்.