சீட்டுக்கு அடியில் ஓர் எண்: புல்வெட்டும் வண்டியும் அதன் உதிரிபாகங்களும்

அமெரிக்கப் புறநகர்களில் வீட்டைச் சுற்றி அரை ஏக்கர், ஒரு ஏக்கர் புல்தரை இருப்பது சாதாரணம். கோடையில் அதை வாரம் ஒருமுறையாவது வெட்ட வேண்டும். பல ஊர்களில் புல் குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டினால் நகராட்சி அபராதம் போடும். கையால் தள்ளும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு பரப்பை வெட்டி முடிக்க அரை நாள் போய்விடும். அதனால்தான் மேலே உட்கார்ந்து ஓட்டியபடியே புல் வெட்டும் ரைடிங் மோவர் அங்கே கார் ஷெட்டில் காருக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

தள்ளும் புல்வெட்டியை இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் 1830-இல் உருவாக்கினார். அமெரிக்க டிராக்டர் கம்பெனியான ஜான் டியர், வீட்டுத் தோட்டத்துக்கென்று தன் முதல் சிறிய டிராக்டரை, 110 என்ற மாடலை, 1963-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று சாதாரண ரைடிங் மோவரின் விலையே சுமார் 2,000 டாலர். பழுதானால் கடைக்குக் கொண்டுபோக டிரெய்லர் வேண்டும். புல் வேகமாக வளரும் வசந்த காலத்தில் ரிப்பேர் கடைகளில் வாரக்கணக்கில் காத்திருக்கவும் நேரும். ஆகவே ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்கள் பலரும் வீட்டிலேயே பழுதுபார்க்கிறார்கள். கழற்றி மாட்டுவது அவ்வளவு கடினமில்லை. எந்த பாகம் கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதிலும், அதற்குச் சரியான மாற்று பாகத்தைத் தேடிப் பிடிப்பதிலும்தான் பெரும்பாடு.

ஒரு வண்டி, பல கம்பெனிகள்

முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பெயரை மட்டும் சொல்லிக் கடையில் உதிரிபாகம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. ஒரே வண்டியின் எஞ்சின் ஒரு கம்பெனியிலும், கியர்பாக்ஸ் இன்னொரு கம்பெனியிலும் தயாராகி, மூன்றாவது கம்பெனியின் பெயரில் விற்பனைக்கு வரும். ஜான் டியரின் 100 வரிசை வண்டிகள் டென்னசி மாநிலத்தின் கிரீன்வில் தொழிற்சாலையில் உருவாகின்றன. அவற்றில் பலவற்றின் எஞ்சின் விஸ்கான்சினைச் சேர்ந்த பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் கம்பெனியுடையது. ஆயில் அழுத்தத்தால் சக்கரத்துக்கு விசை தரும் ஹைட்ரோஸ்டாட்டிக் கியர்பாக்ஸ் டஃப் டார்க் கம்பெனியுடையது.

கிராஃப்ட்ஸ்மேன் என்ற பெயரில் வந்த வண்டிகளில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். பல்லாண்டு காலம் இது சியர்ஸ் கடைகளின் சொந்தப் பெயர். ஆனால் சியர்ஸ் எந்த வண்டியையும் தானே தயாரிக்கவில்லை, மற்ற கம்பெனிகளிடம் செய்து வாங்கி விற்றது. அந்த வண்டிகளின் மாடல் எண்ணில் புள்ளிக்கு முன்னால் இருக்கும் மூன்று இலக்கங்கள் உண்மையான தயாரிப்பாளரைக் காட்டிக்கொடுக்கும். 917 என்று தொடங்கினால் பிற்பாடு ஹஸ்க்வர்னா கம்பெனியோடு சேர்ந்த தொழிற்சாலை, 247 என்றால் எம்டிடி என்ற கம்பெனி. 2017-இல் கிராஃப்ட்ஸ்மேன் பெயரை ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் வாங்கியது. 2021-இல் எம்டிடி கம்பெனியும் அதன் கைக்கு வந்தது. பெயர் கை மாறினாலும் பழைய வண்டியின் பாகங்கள் மாறிவிடவில்லை. இருபது வருடத்துக்கு முந்தைய 917 வண்டிக்கு இன்றைக்கும் ஹஸ்க்வர்னா பட்டியலில்தான் தேட வேண்டும். பழைய ஆறு இலக்க பாக எண்ணுக்கு முன்னால் 532 என்று சேர்த்தால் பெரும்பாலும் ஹஸ்க்வர்னாவின் எண் கிடைத்துவிடும். உதாரணமாக, 42 அங்குல வெட்டுத்தட்டில் ஓடும் 144959 என்ற பெல்ட் ஹஸ்க்வர்னாவில் 532144959 ஆகியிருக்கிறது.

வண்டியின் மாடல் எண் பல வண்டிகளில் சீட்டைத் தூக்கினால் அடியில் ஒட்டியிருக்கும். எஞ்சினின் எண்கள் தனி. பிரிக்ஸ் எஞ்சினில் மாடல், டைப், கோடு என மூன்று எண்கள் உலோக மூடியில் அச்சடிக்கப்பட்டிருக்கும். மாடலின் முதல் இரண்டு இலக்கங்கள் எஞ்சினின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்லும். 31 என்று தொடங்கினால் சுமார் 500 சிசி எஞ்சின். கோடு எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் தயாரான தேதி. 080512 என்றால் 2008 மே 12. ஒரே மாடலில்கூட டைப் எண் வேறுபட்டால் கார்புரேட்டர் வேறாக இருக்கலாம் என்பதால் மூன்று எண்களையும் குறித்துக்கொண்ட பிறகே கடைக்குப் போக வேண்டும்.

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை

வண்டி கிளம்பாவிட்டால் பலரும் முதலில் பேட்டரியைத்தான் சந்தேகிப்பார்கள். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியவை பாதுகாப்பு சுவிட்சுகள். பிரேக் மிதியை அழுத்தாவிட்டாலும், பிளேடைச் சுழலவிடும் குமிழ் இழுத்த நிலையில் இருந்தாலும் ஸ்டார்ட்டர் சுழலாது. பிளேடு ஓடும்போது சீட்டை விட்டு எழுந்தால் எஞ்சின் தானாக அணையும். இந்த சுவிட்சுகளின் முனைகளில் துரு ஏறினாலோ, குளிர்காலத்தில் எலி வயரைக் கடித்திருந்தாலோ நல்ல வண்டியும் அசையாது. சுவிட்சை ஒதுக்கிவிட்டு வயரை நேராக இணைத்து ஓட்டுவது உயிருக்கே ஆபத்து.

சுவிட்சுகள் சரியென்றால் மல்டிமீட்டரால் பேட்டரியைச் சோதிக்கலாம். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். பேட்டரி நன்றாக இருந்தும் சாவியைத் திருப்பும்போது ‘டிக்’ என்ற ஒலி மட்டும் கேட்டால், பேட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவில் உள்ள மின்காந்த சுவிட்சான சோலினாய்டு கெட்டிருக்கலாம், அல்லது வயர் முனைகள் துருப்பிடித்திருக்கலாம். வயர் முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். அது செலவில்லாத வேலை என்பதால் அதை முடித்த பிறகே புது சோலினாய்டு வாங்க வேண்டும்.

இதில் பலரையும் ஏமாற்றும் பழுது ஒன்று உண்டு. பிரிக்ஸின் ஒற்றை சிலிண்டர் ஓஎச்வி (வால்வுகள் சிலிண்டரின் தலையில் இருக்கும்) எஞ்சின்களில் ஸ்டார்ட்டர் அரைச்சுற்று சுற்றி, மூச்சு முட்டியதுபோல் நின்றுவிடும். பேட்டரி போய்விட்டது என்று நினைத்து புது பேட்டரி வாங்குவார்கள். அதற்கும் அசையாவிட்டால் புது ஸ்டார்ட்டர் வாங்குவார்கள். உண்மையான காரணம் பெரும்பாலும் வால்வு இடைவெளி. எஞ்சின் எளிதாகச் சுழலட்டும் என்று கேம் தண்டில் ஒரு சிறு மேடு வைத்திருக்கிறார்கள். கிளம்பும் நேரத்தில் அது வால்வைச் சற்றே திறந்து, சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தைக் குறைக்கும். தேய்மானத்தால் வால்வு இடைவெளி கூடிவிட்டால் அந்த மேட்டால் வால்வைத் தொட முடியாது. அப்போது ஸ்டார்ட்டர் முழு அழுத்தத்தையும் எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கும்.

இதைச் சரிசெய்ய வால்வு மூடியைக் கழற்ற வேண்டும். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து கால் அங்குலம் கீழே இறக்கி நிறுத்திக்கொண்டு, ஃபீலர் கேஜால் இடைவெளியை அளக்க வேண்டும். 31 வரிசை எஞ்சினில் உள்ளிழுக்கும் வால்வுக்கு 0.003 முதல் 0.005 அங்குலம், வெளியேற்றும் வால்வுக்கு 0.005 முதல் 0.007 அங்குலம் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு டேப்பெட் அட்ஜஸ்ட் செய்யத் தெரிந்தவருக்கு இது பழகிய வேலை. மூடிக்கு ஒரு புது கேஸ்கெட் தவிர வேறு செலவில்லை. கேம் தண்டின் மேடே உடைந்திருந்தால் மட்டும் எஞ்சினைப் பிரிக்க வேண்டி வரும்.

பழைய பெட்ரோல் செய்யும் வேலை

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழன்றும் எஞ்சின் பிடிக்காவிட்டால் பார்வை பெட்ரோல் பக்கம் போக வேண்டும். அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பகுதியில் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். குளிர்காலம் முழுக்க டேங்கில் தேங்கிய பெட்ரோல் கெட்டு, கார்புரேட்டரின் ஊசித்துளை ஜெட்டுகளில் பிசினாகப் படிந்துவிடும். பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றி, ஸ்பிரே அடித்து ஜெட்டுகளைச் சுத்தம் செய்தாலே பல வண்டிகள் ஓடத் தொடங்கும்.

பல எஞ்சின்களில் அந்தக் கிண்ணத்தின் அடியில் பெட்ரோலை அடைக்கும் சிறிய மின் வால்வு உண்டு. சாவியைத் திருப்பியதும் அதிலிருந்து மெல்லிய ‘டிக்’ கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அதற்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மின்சாரம் வந்தும் அது அசையாவிட்டால் அந்த வால்வை மட்டும் மாற்றினால் போதும், முழு கார்புரேட்டர் தேவையில்லை. ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் ஆகிய மூன்றும் விலை குறைந்தவை. வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

தட்டுக்கு அடியில்

வண்டியின் வயிற்றுக்கு அடியில் தொங்கும் அகலமான இரும்புத் தட்டுக்குள்தான் பிளேடுகள் சுழல்கின்றன. பிளேடு முனை நிமிடத்துக்கு 19,000 அடி வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தர விதி. அதாவது மணிக்கு ஏறத்தாழ 347 கிலோமீட்டர். பல வண்டிகளின் பிளேடுகள் இந்த எல்லையை ஒட்டியே சுழல்கின்றன. ஆகவே தட்டுக்கு அடியில் கை வைப்பதற்கு முன் சாவியை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்ற வேண்டும். வண்டியைத் தூக்கினால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான முட்டு கொடுக்க வேண்டும்.

புல் மேடு பள்ளமாக வெட்டுப்பட்டால் முதலில் டயர் காற்றை அளந்து பார்க்க வேண்டும். ஒரு பக்கம் காற்று குறைந்தால் தட்டும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். காற்று சரியென்றால் அடுத்தது பிளேடு. மொட்டையான பிளேடு புல்லை வெட்டாமல் கிழிக்கும், நுனிகள் இரண்டொரு நாளில் பழுத்துவிடும். பிளேடைச் சாணை பிடித்த பிறகு அதன் நடுத்துளையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். எடை சமமில்லாத பிளேடு நடுங்கி நடுங்கி பேரிங்கைத் தின்றுவிடும். புது பிளேடு வாங்கும்போது நீளத்தோடு நடுத்துளையின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். ஹஸ்க்வர்னா தயாரிப்பில் பலவற்றுக்கு ஐந்து முனை நட்சத்திரத் துளை, எம்டிடி தயாரிப்பில் பலவற்றுக்கு ஆறு முனை. ஒன்றின் பிளேடு மற்றொன்றில் உட்காராது.

ஓடும்போது தட்டிலிருந்து கரகர சத்தம் வந்தால் பிளேடைத் தாங்கும் ஸ்பிண்டிலின் பேரிங் தேய்ந்திருக்கும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு கப்பியையும் கையால் சுற்றியும் ஆட்டியும் பார்த்தால் எது கெட்டது என்று தெரிந்துவிடும். பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அது எந்தக் கப்பியைச் சுற்றி எப்படிப் போகிறது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. பழைய பெல்ட்டை அளந்து அதே அளவில் புதியதை வாங்குவது தவறான வழி, ஏனெனில் ஓடிய பெல்ட் நீண்டிருக்கும். காரின் பெல்ட்டும் உதவாது. இந்த வண்டிகளில் பெல்ட் அடிக்கடி தளர்ந்து இறுகும். அதைத் தாங்கவே பலவற்றில் அராமிட் இழை வைத்துச் செய்கிறார்கள். பாக எண்ணைச் சொல்லி வாங்குவதே பாதுகாப்பு.

ஏற்றத்தில் திணறும் வண்டி

எஞ்சின் ஓடியும் வண்டி நகராவிட்டால் பின்பக்கத்தில் உள்ள நியூட்ரல் கம்பியைப் பார்க்க வேண்டும். எஞ்சின் இல்லாமல் வண்டியைத் தள்ளுவதற்காக அதை இழுத்துவிட்டு, திரும்ப உள்ளே தள்ள மறந்துவிடுவது அடிக்கடி நடப்பது. அடுத்து பார்க்க வேண்டியது டிரைவ் பெல்ட். இரண்டும் சரியாக இருந்து, வண்டி சூடான பிறகு மட்டும் ஏற்றத்தில் திணறினால் பழுது ஹைட்ரோஸ்டாட்டிக் கியர்பாக்ஸில் இருக்கிறது. பரவலாகப் பயன்படும் டஃப் டார்க் கே46 போன்றவற்றில் ஆயிலை வடிக்கத் திருகே கிடையாது. ஆயில் மாற்ற முழு கியர்பாக்ஸையும் இறக்கிக் கவிழ்க்க வேண்டும். புது கியர்பாக்ஸின் விலை பல நூறு டாலர். பழைய வண்டியை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்ற கேள்வி பெரும்பாலும் இந்த இடத்தில்தான் எழுகிறது. எஞ்சினும் தட்டும் நல்ல நிலையில் இருந்தால் கியர்பாக்ஸ் செலவு தகும். மூன்றும் தேய்ந்திருந்தால் தகாது.

ஒரிஜினலா, மாற்றுத் தயாரிப்பா?

உதிரிபாகத்துக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது கம்பெனியின் ஒரிஜினல். மாடல் எண்ணைக் கொடுத்தால் வண்டியைப் பாகம் பாகமாகப் பிரித்துக் காட்டும் படத்தில் ஒவ்வொன்றுக்கும் எண் கிடைக்கும். பழைய எண் நிறுத்தப்பட்டிருந்தால் அதற்கு இணையான புதிய எண்ணையும் பட்டியலே சொல்லும். கிடைக்காது என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்தப் புதிய எண்ணைத் தேட வேண்டும்.

இரண்டாவது, ஓரிகன், ஸ்டென்ஸ், ரோட்டரி போன்ற கம்பெனிகளின் மாற்றுத் தயாரிப்புகள். இவற்றின் பட்டியல்கள் ஒரிஜினல் எண்ணைச் சொன்னால் இணையான தங்கள் எண்ணைக் காட்டும். பிளேடு, ஃபில்டர், கப்பி போன்றவற்றில் இவை பெரும்பாலும் நன்றாகவே உழைக்கும். மாற்றுத் தயாரிப்பைப் போட்டதாலேயே வாரண்டி போய்விடாது. வாரண்டியைத் தன் பெயர் போட்ட பாகத்தோடு கட்டிப்போட உற்பத்தியாளருக்கு அமெரிக்காவின் 1975-ஆம் வருட மேக்னசன்–மாஸ் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. பெயரில்லாத மலிவான கார்புரேட்டரில் மட்டும் கவனம் தேவை. பொருத்தினால் உட்காரும், ஆனால் ஜெட்டின் அளவு மாறியிருந்தால் எஞ்சின் சீராக ஓடாது.

மூன்றாவது, ஓடாத பழைய வண்டியை மலிவாக வாங்கி அதிலிருந்து கழற்றிக்கொள்வது. பல பத்தாண்டுகள் பழைய வண்டிகளும் ஓட இதுவும் ஒரு காரணம். அயோவா மாநிலத்தின் ஆல்வின் ஸ்ட்ரெயிட் என்ற முதியவர் 1994-இல், நோயுற்ற அண்ணனைப் பார்க்க, 1966-இல் தயாரான ஜான் டியர் வண்டியில் சுமார் 240 மைல் பயணம் செய்து விஸ்கான்சின் போய்ச் சேர்ந்தார். இயக்குநர் டேவிட் லிஞ்ச் 1999-இல் இந்தப் பயணத்தைப் படமாக எடுத்தார். வழியில் பழுதாகிப் பழுதாகி நின்ற அந்த வண்டிக்கு அப்போதே 28 வயது.

பழுது வருமுன்

எஞ்சின் ஆயிலை மாடலைப் பொறுத்து 50 முதல் 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறையாவது, குறைவாக ஓடினாலும் வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். குளிர்காலத்துக்கு நிறுத்துவதற்கு முன் பெட்ரோலில் அதைக் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து சில நிமிடம் ஓடவிட்டால் அது கார்புரேட்டர் வரை போய்ச் சேரும். பேட்டரியை அவ்வப்போது சார்ஜ் செய்ய வேண்டும். தட்டுக்கு அடியில் ஒட்டிய ஈரப் புல்லைச் சுரண்டி எடுக்காவிட்டால் இரும்பு அரித்து ஓட்டை விழும். தட்டின் ஓட்டைக்கு உதிரிபாகம் என்று ஒன்று இல்லை. முழுத் தட்டையும் மாற்ற வேண்டியதுதான்.